பெண்களுக்கு கேம் செய்ய ஆசையில்லையா?

"கேம் கம்பெனிகளில் ஏன் பெண்கள் குறைவு?" என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "அவங்களுக்கு அதுல இன்ட்ரஸ்ட் இல்லப்பா" என்று ரெடியாக ஒரு பதில் வரும். எனக்கு இந்தப் பதில் ஒத்துவரவில்லை. கேம் தொழில் தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே அமெரிக்காவில் பெண்கள் அதில் இருந்தார்கள்.

கரோல் ஷா, பெர்க்லியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு 1978-ல் அட்டாரியில் புரோகிராமராகச் சேர்ந்தவர். பிறகு ஆக்டிவிஷனில் அவர் எழுதிய 'ரிவர் ரெய்ட்' 1982-ல் வந்து சக்கைப்போடு போட்டது. ஆற்றின் மேல் விமானம் ஓட்டும் ஆட்டம். கார்ட்ரிட்ஜில் இருந்த இடமோ வெறும் 4 கிலோபைட்! அவ்வளவு நீள ஆற்றை அதற்குள் படமாகத் திணிக்க முடியாது. எனவே ஆறு எங்கே வளைய வேண்டும் என்பதை புரோகிராமே கணக்குப் போட்டு உருவாக்கும்படி எழுதினார். கணக்கு எப்போதும் ஒரே எண்ணில் தொடங்குவதால், ஒவ்வொரு ஆட்டத்திலும் அதே ஆறு வரும்.

அவர் மட்டுமா? 1980-ல் ராபர்ட்டா வில்லியம்ஸ், கணவர் கென்னுடன் சேர்ந்து 'மிஸ்டரி ஹவுஸ்' செய்து, எழுத்தாலேயே நடந்துகொண்டிருந்த சாகச ஆட்டங்களுக்குள் படத்தைக் கொண்டுவந்தார். 1981-ல் வந்த 'சென்டிபீட்', டோனா பெய்லியும் எட் லாக்கும் சேர்ந்து செய்தது.

ஆக, ஆசையும் இருந்தது, திறமையும் இருந்தது. கூடவே வேறொன்றும் இருந்தது. அட்டாரியின் தலைவர் ஒருநாள் லேபுக்கு வந்து, 'பெண் டிசைனர் கிடைத்துவிட்டார், இனி மேக்கப் கலர் மேட்சிங், வீட்டு அலங்காரம் பற்றியெல்லாம் கேம் செய்யலாம்' என்கிற மாதிரி பேசியதாக ஷா பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

சர்வதேச கேம் டெவலப்பர்கள் சங்கத்தின் சர்வேக்களைப் பாருங்கள். 2005-ல் பதில் சொன்னவர்களில் பெண்கள் 11.5 சதவீதம். 2014-ல் 22. 2021-ல் 30. பிறவியிலேயே ஆர்வம் இல்லை என்பது உண்மையானால், பதினாறு வருஷத்தில் இது எப்படி இவ்வளவு ஏறும்? மாறியது பெண்களின் மூளை இல்லை. கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உள்ளே போனவர்கள் பாடும் சுலபமில்லை. ரயட் கேம்ஸ் மீது பெண் ஊழியர்கள் 2018-ல் போட்ட பாரபட்ச வழக்கு, 2021-ல் 10 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. ஷாவின் கேமை வெளியிட்ட அதே ஆக்டிவிஷன், பிளிசார்டோடு சேர்ந்த பிறகு, 2021-ல் கலிபோர்னியா அரசு அதன் மீதும் வழக்குப் போட்டது. அது 2023-ல் சுமார் 5.4 கோடி டாலரில் முடிந்தது. பெண்களுக்குச் சம்பளத்திலும் பதவி உயர்விலும் பாரபட்சம் என்பது அதில் முக்கியமான குற்றச்சாட்டு.

அதனால் "ஏன் வரவில்லை" என்பதோடு, "வந்தவர்களுக்கு என்ன வேலை கொடுத்தோம், எப்படி நடத்தினோம்" என்றும் கேட்க வேண்டும். இது அமெரிக்கக் கம்பெனிகளுக்கு மட்டுமான கேள்வி இல்லை மக்களே. நம்ம புராஜெக்ட் டீமில் "நீ ரிப்போர்ட் பார்த்துக்கோ, ஸ்லைடுக்கு நல்ல கலர் போடு, கோடிங் நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்கிறோமே, அதுவும் அந்தக் கலர் மேட்சிங் பேச்சுதான். அடுத்த செமஸ்டரில் வேலை பிரிக்கும்போது, யாருக்கு எது வரும் என்று நாமே முடிவு கட்டாமல், ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிரிப்போமா?