மதியம் 4.5 வோல்ட்

இரவு ஏசி அறையில் உறுமிய ஃபஸ் பெடல், மறுநாள் மதியம் ஹாலில் தும்மிவிட்டு அடங்கிப்போனது. சென்னையில் மே மாதம். 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸின் சர்க்யூட்தான். மொத்தமே இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். என் சால்டரிங் மேலதான் சந்தேகம். மூணு தடவை பிரிச்சு மறுபடி பற்றவைத்தேன்.

கடைசியில் மீட்டரை எடுத்தேன். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 9 வோல்ட்டில் பாதி, 4.5 இருக்கணும், 7ஐத் தாண்டியிருந்தது. சூடு ஏறினால் ஜெர்மானியத்தில் கசிவு மின்னோட்டம் கூடும். செமஸ்டர் பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவன் நான். புரிஞ்சு எழுதல.

8.2 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு ட்ரிம்பாட் வைத்தேன். 4.5க்குத் திருப்பியதும் பழைய உறுமல் வந்தது. ராத்திரி ஏசி போட்டால் மறுபடி திருப்பணும். பரவாயில்லை. அந்தக் கேள்விக்கு இப்பத்தான் விடை எழுதுறேன்.