அக்கா மறுபடியும் காலேஜுக்குப் போகுது

ஆணி புடுங்குற நேரம் போக, கடந்த ஒன்றரை வருசமா நான் பார்த்துக்கிட்டு இருக்குற சைடு வேலை என்னன்னு சொன்னா சிரிப்பீங்க. அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரி அட்மிஷன். எனக்கில்லைங்க. எனக்கும் பல் மருத்துவத்துக்கும் உள்ள ஒரே உறவு கடைவாயில இருக்குற ரெண்டு சொத்தைதான். இது பெரியப்பா மகளுக்கு.

அக்கா மதுரையில பி.டி.எஸ். படிச்சுது. நாலு வருசம் படிப்பு, ஒரு வருசம் இன்டர்ன்ஷிப். அப்புறம் திண்டுக்கல்ல ஒரு சீனியர் டாக்டர்கிட்ட ரெண்டு வருசம் கை பழகிட்டு, நாகல் நகர்ப் பக்கம் மாடியில ஒரு ரூம் பிடிச்சு, ஒத்தைச் சேர் போட்டு சொந்தமா கிளினிக் நடத்துச்சு. எங்க ஊர்ப் பக்கம் தண்ணியைப் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு தகவல். திண்டுக்கல் மாவட்டத்துல நிறைய ஊர்கள்ல நிலத்தடி நீர்ல ஃப்ளோரைடு ஜாஸ்தி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதைத் தாண்டின போர்த் தண்ணியைச் சின்ன வயசுல, பல்லு ஈறுக்குள்ள உருவாகிற காலத்துல குடிச்சு வளர்ந்தா, முளைக்கிற பல்லே மஞ்சளும் பழுப்புமாத்தான் முளைக்கும். எத்தனை விளக்கினாலும் போகாது. பொண்ணு பார்க்க வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி அம்மாவும் மகளுமா படியேறி வருவாங்களாம். அந்தக் கறையைப் பார்த்துப் பார்த்தே அக்காவுக்குக் கை தேறிடுச்சு.

(அமெரிக்காவுல கதையே தலைகீழ். சொத்தை வரக் கூடாதுன்னு குழாய்த் தண்ணியில ஃப்ளோரைடை அவங்களே கலக்குறாங்க. 1945-ல மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ராபிட்ஸ்ல ஆரம்பிச்ச பழக்கம். 2025-ல யூட்டாவும் ஃப்ளோரிடாவும் வேண்டாம்னு சட்டம் போட்டது தனிக்கதை.)

அப்புறம் கல்யாணம். மாமா நம்ம இனம்தான், பொட்டி தட்டுறவர். எச்-1பி விசாவுல டல்லாஸ் பக்கம் இருக்கார். சேரைப் பாதி விலைக்கு வித்துட்டு அக்கா எச்-4 விசாவுல கிளம்புச்சு. விமானத்துல ஏறும்போது டாக்டர். இறங்கும்போது டிபென்டென்ட்.

அங்க லைசென்ஸ் கொடுக்குறது ஒவ்வொரு மாநிலத்து போர்டும். அநேகமா எல்லா போர்டும் கேக்குற முதல் கேள்வி, 'கோடா'ங்கிற அமைப்பு அங்கீகரிச்ச காலேஜ்லயா படிச்சேங்கிறதுதான். அமெரிக்கக் காலேஜுக்கெல்லாம் அந்த முத்திரை உண்டு, கனடாவோட ஒப்பந்தம் இருக்கு. நம்மூர் பி.டி.எஸ்.ஸுக்குக் கிடையாது. சில மாநிலங்கள்ல அங்கேயே ஒரு ஸ்பெஷாலிட்டி பயிற்சி முடிச்சா லைசென்ஸ் தர்றாங்க. ஃப்ளோரிடாவுல வெளிநாட்டு டாக்டர்கள் ஹைஜீனிஸ்ட் பரீட்சை எழுதலாம். அதாவது பல்லைச் சுத்தம் பண்ணலாம், பிடுங்கக் கூடாது. முழு டாக்டர் ஆகணும்னா பெரும்பாலானவங்க போறது ஒரே வழிதான். மறுபடி காலேஜ். 'அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங்'னு அதுக்கு ஒரு கௌரவமான பேரு. ரெண்டுல இருந்து மூணு வருசம் படிச்சா டி.டி.எஸ். இல்லேன்னா டி.எம்.டி. கிடைக்கும். ரெண்டும் ஒண்ணுதான், 1867-ல தொடங்கின ஹார்வர்டு பல் மருத்துவப் பள்ளி பட்டத்தை லத்தீன்ல வச்சதால வந்த வித்தியாசம்.

இதுக்குள்ள நுழையுறதுக்கே ஒரு மலை ஏறணும். முதல்ல ஐ.என்.பி.டி.இ.ன்னு ஒரு பரீட்சை. பழைய ரெண்டு பாகத் தேர்வுக்குப் பதிலா 2020-ல வந்தது. ரெண்டு நாள், 500 கேள்வி. அப்புறம் டோஃபல். (அஞ்சு வருசம் இங்கிலீஷ் புஸ்தகத்தைத்தான் படிச்சுது, இருந்தாலும் டோஃபல்.) நம்ம மார்க் ஷீட்டை அமெரிக்கக் கணக்குக்கு மாத்தித் தர ஒரு கம்பெனி. அதுக்கு யுனிவர்சிட்டி சீல் வச்ச கவர்ல டிரான்ஸ்கிரிப்ட் வேணும். நான் சென்னையில இருக்குறதால கிண்டிக்குப் போய் அந்த வேலையைப் பார்த்தது அடியேன்தான். இப்படித்தான் இந்த அட்மிஷன் விவகாரத்துல நான் மாட்டினேன். அதுக்கப்புறம் எந்தக் காலேஜ் என்ன கேக்குது, கடைசித் தேதி என்னன்னு ஒரு எக்செல் ஷீட் போட்டேன். இப்ப அது 40 காலம் தாண்டிப் போயிருச்சு. விண்ணப்பம் மட்டும் 'காபிட்'ங்கிற ஒரே வாசல் வழியா பல காலேஜுக்குப் போகுது, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பணம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கூத்து பல்லோட நம்பர். நம்மூர்ல வாயை நாலு பாகமாப் பிரிச்சு ரெண்டு இலக்கத்துல சொல்லுவாங்க. முதல் இலக்கம் எந்தப் பாகம், ரெண்டாவது நடுவுல இருந்து எத்தனாவது பல்லு. கீழ் இடது முதல் கடைவாய்ப் பல்லுன்னா 36. அமெரிக்காவுல மேல் வலது ஞானப் பல்லுல ஒண்ணுன்னு ஆரம்பிச்சு, மேல ஒரு சுத்து, கீழ ஒரு சுத்து, 32-ல முடிப்பாங்க. அதே 36 அங்க 19. "பத்து வருசமா முப்பத்தாறுன்னு கூப்பிட்ட பல்லைத் திடீர்னு பத்தொம்பதுன்னு கூப்பிடச் சொன்னா, பெத்த பிள்ளைக்குப் பேரு மாத்துன மாதிரி இருக்குடா"ன்னுச்சு அக்கா. நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் குடுத்தேன், நம்பர் போட்டா நம்பர் வரும். அக்கா அதைத் தொடக்கூட இல்லை.

மாமாவோட க்ரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டியிருந்ததால (2015-ல வந்த விதிப்படி) அக்காவுக்கு வேலை பார்க்க அனுமதி கிடைச்சுது. அனுமதி கிடைச்சா லைசென்ஸ் வந்துடுமா? ஒரு கிளினிக்ல அசிஸ்டென்ட்டா சேர்ந்துச்சு. டாக்டருக்கு அக்காவை விட அஞ்சு வயசு கம்மி. ஒருநாள் ராத்திரி (எனக்கு ராத்திரி, அதுக்குக் காலை) போன்ல சொல்லுச்சு. "ஒரு கடைவாய்ப் பல்லு, வேர் வளைஞ்சு கிடக்கு. அந்தப் பையன் முக்கா மணி நேரமா மல்லுக்கட்டுறான். எந்தப் பக்கம் நெம்புனா வரும்னு எனக்குத் தெரியுது. நான் சக்‌ஷனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"சொல்ல வேண்டியதுதானேக்கா?"

"சொன்னா யாருடா கேப்பா? பேஷன்ட் முன்னாடி சொல்லவும் கூடாது. அவன் நல்ல பையன்தான்."

என்னையே எடுத்துக்கங்க. ஆன்சைட்னு எட்டு மாசம் நியூ ஜெர்சியில உக்காந்துட்டு வந்தேன். என் பி.இ. சர்டிஃபிகேட் விசா பேப்பரோட போனதோட சரி, கிளையன்ட் ஆபீஸ்ல ஒருத்தன் அதைப் பத்தி வாயே திறக்கலை. நான் படிச்சது மெக்கானிக்கல், பார்க்குறது ஜாவா. நியாயமாப் பார்த்தா என்னையில்ல மறுபடி காலேஜுக்கு அனுப்பணும்! ஆனா நாம எழுதுறதுல ஓட்டை இருந்தா பேட்ச் போட்டுக்கலாம். தாடை நரம்புல ஊசி தப்பா இறங்கினா எந்த பேட்ச்சும் கிடையாது. அதனால சோதிக்கிறாங்கங்கிறதுல எனக்கு வருத்தமே இல்லை. நம்மளும்தான் சோதிக்கிறோம். வெளிநாட்டுல பல் மருத்துவம் படிச்சுட்டு வர்றவங்களுக்கு நம்ம டென்டல் கவுன்சில் 2009-ல ஸ்கிரீனிங் டெஸ்ட் விதி கொண்டு வந்துச்சு. பிரிட்டன்ல ஓ.ஆர்.இ.ன்னு ரெண்டு பாகப் பரீட்சை. ரெண்டாவதுல பொம்மைத் தலையில செஞ்சு காட்டணும். சீட்டுக் கிடைக்கவே காத்துக் கிடக்கணும்னாலும், தேறிட்டா பதிவு பண்ணிக்கலாம். ஆஸ்திரேலியா, கனடாவுலயும் பரீட்சை வழி உண்டு.

அமெரிக்காவுலயும் கையைச் சோதிக்கிறாங்க. 'பெஞ்ச் டெஸ்ட்'னு பேரு. நிறைய காலேஜ் இதை இன்டர்வியூவோட சேர்த்து வைக்குது, பல இடங்கள்ல அதுக்கும் தனிக் கட்டணம். பிளாஸ்டிக் பல்லு மாட்டின பொம்மைத் தலை. குடுத்த நேரத்துக்குள்ள கிரவுனுக்குப் பல்லைச் செதுக்கணும், அடைக்கிறதுக்குக் குழி எடுக்கணும். அரை மில்லிமீட்டர் கூடக் குறைஞ்சா கண்டுபிடிச்சுருவாங்க. ஆனா இதுல தேறினா லைசென்ஸ் வராது, ஃபீஸ் கட்டுற தகுதிதான் வரும். எனக்கு வயிறு எரியுறது இந்த இடத்துலதான்.

அந்த ஃபீஸு? தனியார் காலேஜ்னா மொத்தம் ரெண்டு லட்சம் டாலரை அசால்ட்டாத் தாண்டுது, சிலதுல மூணையும் தாண்டுது. ரெண்டு லட்சம்னே வச்சாலும் நம்ம காசுக்கு ஒண்ணே முக்கால் கோடிக்கு மேல. பெரியப்பாவுக்கு ஆத்தூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கு. போன பொங்கலுக்கு வீட்டுக்குப் போனப்ப என்னைத் திண்ணையில உக்கார வச்சுக் கேட்டார்.

"ஏன்டா, ஒரு தடவைதான் டாக்டருக்குப் படிக்க வச்சாச்சே. அந்தப் படிப்புக்கு என்ன ஆச்சு? கெட்டுப் போச்சா?"

"கெடலை பெரியப்பா. அங்க செல்லாது."

"நோட்டு செல்லாதுன்னா பேங்க்ல மாத்திக் குடுத்தான். இதுக்கு நாம கட்டணுமா?"

நான் என்னத்தைச் சொல்ல. தோப்பை வித்தாலும் பாதிக்குக் காணாதுன்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அக்கா பணம் கேக்கலைங்கிறதையும் சொல்லணும். லோன்தான் போடப் போகுது, மாமா கையெழுத்துப் போடுறார். எனக்கு ஆச்சரியமா இருந்தது வேற. இது எல்லாம் வீண் வேலைன்னு நான் பொங்கினப்ப அக்கா என்னை அடக்குச்சு. "பாதிதான்டா வீண். இம்ப்ளான்ட் நான் ரெண்டே ரெண்டுதான் போட்டிருக்கேன். இங்க வாய்க்குள்ள கேமரா விட்டு ஸ்கேன் பண்ணி, அன்னைக்கே கிரவுன் செஞ்சு மாட்டுறாங்க. அதைக் கத்துக்கணும்னு எனக்கும் ஆசை இருக்கு. முதல் வருசத்துப் பசங்களோட உக்காந்து பல்லு வரையச் சொன்னாத்தான் அழுகை வரும்." வயசு 35, பொண்ணு எல்.கே.ஜி. முடிச்சுட்டா. முடிச்சு வெளிய வர்றப்ப 38, 39 ஆயிருக்கும். அதையும் அதுவேதான் கணக்குப் போட்டுச் சொல்லுச்சு, நான் கேக்கலை.

இப்ப அவங்க வீட்டு கராஜ்ல கார் கிடையாது. செகண்ட் ஹேண்ட்ல ஒரு கம்ப்ரஸர், ஹேண்ட்பீஸ், பொம்மைத் தாடை, ஒரு டேபிள் லைட். கார் டெக்சாஸ் வெயில்ல காயுது. பொண்ணைத் தூங்க வச்சுட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல அக்கா பிளாஸ்டிக் பல்லைச் செதுக்குது. நிஜப் பல்லு மாதிரி அது எதிர்த்து நிக்காதாம், பர் பட்டதும் வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டு உள்ள போயிருமாம். நிஜப் பல்லுல பழகின கைக்கு அதுதான் கஷ்டம்னு சொல்லுது. இதுவரைக்கும் நூத்தி இருபது பல்லு ஆச்சு. ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புது, நான் எக்செல்ல தேதி போட்டு வைக்கிறேன். எது நல்லா வந்திருக்கு, எது வரலைன்னு எனக்கு எழவு ஒண்ணும் புரியலை.

அடுத்த மாசம் ரெண்டு காலேஜ்ல பெஞ்ச் டெஸ்ட், ரெண்டும் வேற வேற மாநிலம். நம்ம பதிவர்கள்ல யாராவது, இல்ல உங்க வீட்டு தங்கமணி, தங்கச்சி யாராவது, சமீபத்துல இதை எழுதியிருந்தா பின்னூட்டத்துல ஒரு வரி போடுங்க. சொந்த ஹேண்ட்பீஸ் கொண்டு போக விடுவாங்களாங்கிறதுதான் இப்போதைக்கு எங்களோட பெரிய கேள்வி.