பேர் வச்ச செல்லும் வட்டி போட்ட சொசைட்டியும்

எக்செல்ல ஒரு செல்லுக்குப் பேர் வைக்கலாம்ங்கறது பொட்டி தட்டற நம்ம மக்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். மீதிப் பேருக்காக ஒரு சின்ன விளக்கம். பி2 செல்லுல வட்டி வீதம் இருக்குன்னு வைங்க. ஒவ்வொரு ஃபார்முலாவுலயும் டாலர் குறி போட்டு பி2ன்னு எழுதறதுக்குப் பதிலா, அந்த செல்லுல கர்சரை வச்சு, ஃபார்முலா பாருக்கு இடது பக்கம் இருக்கற குட்டிப் பெட்டியில 'இன்ட்ரேட்'னு ஆங்கிலத்துல தட்டி என்டர் அடிச்சா வேலை முடிஞ்சது. அதுக்கப்புறம் எந்த ஷீட்டுலேர்ந்து வேணும்னாலும் பாக்கி பெருக்கல் இன்ட்ரேட் வகுத்தல் 12ன்னு எழுதிக்கலாம். படிக்கறவங்களுக்கும் புரியும், எழுதினவருக்கும் ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா புரியும்.

இவ்வளவுதான் எல்லாரும் சொல்லித் தருவாங்க. வச்ச பேரை அப்பப்ப சரிபார்க்கணும்னு யாரும் சொல்றதில்லை. இந்தப் பதிவு அதுக்குத்தான்.

எங்க ஊர்ப்பக்கம் (திருநெல்வேலிக்கு மேக்கால) கதவு எண் சொல்லி யாரும் வீடு கேக்க மாட்டாங்க. 'வக்கீல் வீடு எது'ன்னுதான் கேப்பாங்க. வக்கீல் போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகியிருக்கும். மகன் வீட்டை வித்துட்டு மெட்ராஸ் போயிருப்பார். அங்க இப்ப அரிசி மூட்டை அடுக்கி வச்சிருப்பாங்க. ஆனாலும் அது வக்கீல் வீடுதான். இன்னொண்ணு, 'மாடி வீடு எது'ன்னு கேட்டா, நீங்க எந்தத் தெருவுல நின்னு கேக்கறீங்கங்கறதைப் பொறுத்து வழி மாறும். தெருவுக்கு ஒரு மாடி வீடு உண்டு. எக்செல்ல பேரால வர்ற வம்பு முக்கால்வாசி இந்த ரெண்டு வகையில அடங்கிடும். பேர் அப்படியே இருக்கும், உள்ள ஆள் மாறியிருக்கும். இல்லைன்னா ஒரே பேர்ல நாலு வீடு இருக்கும்.

ரெண்டாவது வகைக்கு எங்க சொசைட்டியிலேயே நடந்த கதை இருக்கு. மும்பை பக்கம் இருக்கறவங்களுக்கு சொசைட்டின்னா என்னன்னு சொல்ல வேண்டியதில்லை. மத்தவங்களுக்கு: அபார்ட்மென்ட் வீட்டுக்காரங்க சேர்ந்து பதிவு பண்ற கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம். மாசாமாசம் மெயின்டனன்ஸ் பில் வரும், கட்டலைன்னா வட்டி ஏறும். மகாராஷ்டிராவுல 2014 மாதிரி பைலாஸ்படி இந்த வட்டி தனிவட்டிதான், உச்சவரம்பு வருஷத்துக்கு 21 சதவீதம். அதுக்குக் கீழ எவ்வளவுன்னு பொதுக்குழு முடிவு பண்ணிக்கலாம். வழக்கம் போல எங்க சொசைட்டியில உச்சவரம்பையே வச்சிருந்தாங்க. 2018 செப்டம்பர் பொதுக்குழுவுல ரெண்டு மணி நேரம் மராத்தியிலயும் இந்தியிலயும் கத்தி, 12 சதவீதமாக் குறைச்சு, அந்த ஏப்ரல் 1லேர்ந்தே அமல்னு தீர்மானம் போட்டோம்.

எங்க பில்டிங்ல மூணாவது மாடியில நம்ம ஊர்க்கார ஆச்சி ஒருத்தங்க. வீட்டுக்காரர் ரயில்வேயில இருந்து ரிட்டயர் ஆனவர், 2016ல காலமாயிட்டார். ஆச்சி ஊருக்கும் மகள் வீட்டுக்குமா அலைஞ்சதுல மெயின்டனன்ஸ் பாக்கி சேர்ந்து 60,000 ஆயிடுச்சு. வீடும் அவங்க பேருக்கு இன்னும் மாத்தலை. 2019 பிப்ரவரியில பாக்கிதாரர் பட்டியலை நோட்டீஸ் போர்டுல ஒட்டினாங்க. பட்டியல்ல இருந்தது ஆச்சி பேர் இல்லை, தாத்தா பேர்.

"செத்துப்போன மனுசன் பேரை லிஃப்ட் பக்கத்துல எழுதி ஒட்டிருக்காவ தம்பி. அதுல வட்டிக் கணக்கு வேற. இது சரியான்னு மட்டும் பாத்துச் சொல்லு, நான் வளையலை வச்சாவது கட்டிப்போடுதேன்"னு பில்லுக் கட்டை என் கையில கொடுத்துட்டாங்க.

மாச பில்லுல வட்டி 1,050 ரூபாய். 60,000க்கு 21 சதவீதம் போட்டா மாசம் 1,050தான் வரும். 12 சதவீதம்னா 600 வரணும். ஆனா வருஷ சுருக்கத்துல அதே வீட்டுக்கு 600 வீதம்தான் இருக்கு! பொருளாளர் ஒரு மராத்திக்காரர், வங்கியில இருந்து ஓய்வு பெற்றவர், காகான்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். ஒரு பைசா தொடாத மனுஷன். அவர் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். மாச ஷீட்டுலயும் இன்ட்ரேட், சுருக்கத்துலயும் இன்ட்ரேட். ஒரே ஃபார்முலா. "வீதத்தை ஏப்ரல் ஷீட்டுல மாத்திட்டேனே, பேர் அதைத்தானே பார்க்குது"ன்னார். ஏப்ரல் ஷீட்டைப் பார்த்தா நிஜமாவே 12 இருக்கு. சுத்தி நின்ன கமிட்டிக்காரங்க ரெண்டு ஃபார்முலாவையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்துட்டு, சரியாத்தான் இருக்குன்னு தலையாட்டிட்டாங்க.

கன்ட்ரோல் பட்டனோட எஃப்3 அடிச்சு நேம் மேனேஜரைத் திறந்தேன். இன்ட்ரேட்னு ஒண்ணு இல்லை, பத்து இருந்தது.

எப்படின்னா, காகா ஒவ்வொரு மாசமும் போன மாச ஷீட்டைக் காப்பி பண்ணி, பேரை மாத்தி, புது மாசம் ஆரம்பிப்பார். நாம எல்லாரும் அப்படித்தான் செய்யறோம். வட்டி வீதம் எழுதின செல் அந்த ஷீட்டு தலைமாட்டுலயே இருந்தது. பேர் வச்ச செல் இருக்கற ஷீட்டைக் காப்பி பண்ணினா, எக்செல் சத்தமில்லாம அதே பேரை புது ஷீட்டுக்கு மட்டும்னு இன்னொரு தடவை உருவாக்கிடும். மே ஷீட்டுல நின்னு இன்ட்ரேட்னா மே ஷீட்டு செல். ஜூன்ல நின்னா ஜூன் செல். சுருக்க ஷீட்டுக்குன்னு தனியா இல்லாததால, அங்க மட்டும் மொத்த ஃபைலுக்குமான பேர் செல்லுபடியாகி ஏப்ரலைப் பார்க்கும். தெருவுக்கு ஒரு மாடி வீடு! மே முதல் ஜனவரி வரை ஒன்பது ஷீட்டுலயும் 21 அப்படியே உக்காந்திருந்தது. ஏப்ரல் பில் தீர்மானத்துக்கு முன்னாடியே 21ல போனது, அதையும் சேர்த்தா பத்து மாசம், மாசத்துக்கு 450, ஆச்சி கணக்குல மட்டும் 4,500 ரூபாய் கூடுதல்.

அவங்க ஒருத்தங்க மட்டும் இல்லை, இன்னும் ஆறு வீட்டுக்கு இதே கதி. அதுல ரெண்டு பேர் முணுமுணுக்காம கட்டியே முடிச்சிருந்தாங்க. எல்லாத்தையும் அடுத்த பில்லுல கழிச்சுக் கொடுத்தாங்க. நோட்டீஸ் போர்டு தாளை காகாவே கிழிச்சார். ஆச்சி வளையல் தப்பிச்சது, அசலை மகள் தவணையாக் கட்டினாங்க.

பேரே வைக்காம வெறும் பி2ன்னு இருந்திருந்தா யாராவது 'எந்த ஷீட்டு பி2'ன்னு கேட்டிருப்பாங்கன்னு எனக்குத் தோணுது. இன்ட்ரேட்னு எழுதியிருந்ததால யாருக்கும் கேக்கத் தோணலை. இது என் ஊகம் மட்டும் இல்லை. அயர்லாந்தைச் சேர்ந்த ரூத் மெக்கீவர், கெவின் மெக்டெய்ட், பிரையன் பிஷப் மூணு பேரும் 2009ல ஒரு சின்ன சோதனை பண்ணினாங்க. புதுசா எக்செல் பழகற 21 பேர்கிட்ட பிழைகள் இருக்கற ஒரு ஷீட்டைக் கொடுத்துக் கண்டுபிடிச்சுத் திருத்தச் சொன்னாங்க. அந்த ஷீட்டுல செல்லுகளுக்குப் பேர் வச்சிருந்தது. பேர் இல்லாத அதே ஷீட்டை வேற ஒரு கூட்டத்துக்குக் கொடுத்து ஒப்பிட்டதுல, பேர் இருந்த ஷீட்டுலதான் கம்மியாக் கண்டுபிடிச்சாங்க. சின்ன சோதனைதான், ஆனா எங்க கமிட்டிக்காரங்க தலையாட்டினதைப் பார்த்த எனக்கு ஆச்சரியமே இல்லை.

பேர் வைக்காட்டியும் தப்பு வரும், அதையும் சொல்லிடணும். கடனும் வளர்ச்சியும் பத்தி ரைன்ஹார்ட், ரோகாஃப் 2010ல எழுதின பிரபலமான கட்டுரையோட எக்செல்ல, சராசரி எடுக்கற இடத்துல 20 நாட்டுக்குப் பதிலா 15 நாடுதான் தேர்வாகியிருந்தது. அகரவரிசையில முதல்ல வர்ற ஆஸ்திரேலியாலேர்ந்து டென்மார்க் வரை அஞ்சு நாடு அவுட். 2013ல தாமஸ் ஹெர்ண்டன்ங்கற மாணவர் கண்டுபிடிச்சார். அங்க முகவரி வெட்டவெளிச்சமாத்தான் இருந்தது, பார்க்கத்தான் ஆள் இல்லை. அந்த இடத்துக்கு 'வளர்ச்சி'ன்னு ஒரு பேர் வச்சிருந்தா ஹெர்ண்டனுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஆகியிருக்கும் :-)

சரி, எப்படிச் சரிபார்க்கறதுன்னு வருவோம். நேம் மேனேஜர் எக்செல் 2007லதான் வந்தது. அதுக்கு முன்னாடி இருந்த டிஃபைன் பெட்டியில, ஷீட்டுக்கு மட்டுமான பேர் இருந்தா அதே பேர்ல இருக்கற பொதுப் பேர் கண்ணுக்கே தெரியாது. இப்ப அந்தக் கஷ்டம் இல்லை. திறந்ததும் நாலு காலத்தைப் பார்க்கணும்: பேர், இப்போதைய மதிப்பு, எதைக் குறிக்குது, ஸ்கோப். பேர் காலத்துல சொடுக்கி அகரவரிசையாக்கினா ரெட்டைப் பிறவிகள் பக்கத்துப் பக்கத்துல வந்து நிக்கும். மேல வலது ஓரத்துல ஃபில்டர் இருக்கு, ஷீட்டுக்கு மட்டுமான பேர்களைத் தனியாக் காட்டுன்னு கேக்கலாம், பிழையுள்ளதை மட்டும் காட்டுன்னும் கேக்கலாம். யாரோ வரியையோ ஷீட்டையோ அழிச்சுட்டா அந்தப் பேர் 'ரெஃப்'னு பிழை காட்டும், அதை ஃபில்டர் பிடிச்சுக் கொடுத்துடும். ஆனா வக்கீல் வீடு வகை, அதாவது செல் இருக்கு, உள்ள வேற எதுவோ இருக்குங்கறதை எந்த ஃபில்டரும் பிடிக்காது. மதிப்புக் காலத்தை ஒவ்வொண்ணாப் படிக்கறதைத் தவிர வேற வழியில்லை. முப்பது பேர் இருந்தா அஞ்சு நிமிஷ வேலை.

ஒரு பேரைத் தேர்ந்தெடுத்து, கீழ இருக்கற முகவரிப் பெட்டிக்குள்ள சொடுக்கினா, ஷீட்டுல அந்த இடத்தைச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி கோடு ஓடும். கண்ணால பார்த்துக்கலாம். அந்தப் பெட்டிக்குள்ள மட்டும் அம்புக்குறி பட்டனைத் தொடாதீங்க, கர்சர் நகர்றதுக்குப் பதிலா புதுசா ஒரு செல் முகவரியை உள்ள சொருகி வைக்கும். எஃப்2 அடிச்சுட்டு அப்புறம் நகர்த்துங்க. டாலர் குறி இல்லாத முகவரி இருந்தா சந்தேகப்படுங்க, அந்தப் பேர் நீங்க நிக்கற செல்லுக்குத் தக்கபடி இடம் மாறிக்கிட்டே இருக்கும். அப்புறம் பட்டியல்களுக்கு வச்ச பேர்: கடைசி வரிக்குக் கீழ புதுசா ஒரு வரி எழுதினா பேர் தானா நீளாது. கன்ட்ரோல் டி அடிச்சு டேபிளா மாத்திட்டா கூடவே வளரும்.

ஒரு காலி ஷீட்டுல எஃப்3 அடிச்சு 'பேஸ்ட் லிஸ்ட்' கொடுத்தா பேர், முகவரி எல்லாம் வரிசையா வந்து விழும். பிரின்ட் எடுத்து ஃபைல்ல வச்சுக்க நல்லது. ஆனா அதுல பொதுப் பேரும் நீங்க நிக்கற ஷீட்டோட பேரும்தான் வரும், மத்த ஷீட்டோடது வராது. எங்க காகா இதை மட்டும் பார்த்திருந்தா ஒரே ஒரு இன்ட்ரேட்தான் தெரிஞ்சிருக்கும்.

அழிக்கறப்ப கொஞ்சம் நிதானம் வேணும். பிரின்ட் ஏரியான்னு ஒரு பேர் இருக்கும், அது நீங்க வச்சது இல்லை, பிரின்ட் எடுக்க எக்செல்லே வச்சது. தேவையான பேரை அழிச்சுட்டா ஃபார்முலா எல்லாம் 'நேம்'னு பிழை காட்டி அழும். நான் காகாவோட ஃபைல்ல பழைய பேர்ல கையே வைக்கலை. வீதங்களுக்குன்னு தனி ஷீட் போட்டு, யாரும் அதைக் காப்பி பண்ண வேண்டாம்னு சொல்லி, அங்க புதுப் பேர் வச்சு, பழைய பேரைத் தேடி மாத்தி, எல்லாக் கூட்டலும் ஒத்துவருதான்னு பார்த்துட்டுத்தான் அந்தப் பத்தையும் அழிச்சேன்.

வேற ஃபைல்லேர்ந்து ஷீட்டைக் கொண்டு வந்தா அதோட பேரும் மூட்டை முடிச்சோட வந்துடும். வர்றப்ப 'இந்தப் பேர் ஏற்கெனவே இருக்கு'ன்னு எக்செல் கேக்கும், நாம படிக்காம எஸ் எஸ் எஸ்னு அடிப்போம். முகவரிக் காலத்துல சதுர அடைப்புக்குள்ள வேற ஃபைல் பேர் தெரிஞ்சா அது அப்படி வந்த விருந்தாளி. சில பேர் மறைஞ்சே இருக்கும், நேம் மேனேஜர்லயே தெரியாது. அதுக்கு யான் கரெல் பீட்டர்சேயும் நண்பர்களும் இலவசமாக் கொடுக்கற நேம் மேனேஜர் ஆட்-இன் இருக்கு, மறைஞ்சதையும் காட்டும்.

இன்னொரு வேடிக்கை. பழைய எக்செல்ல 256 காலம்தான். 2007ல அது 16,384 ஆச்சு, கடைசி காலம் எக்ஸ்எஃப்டி. அதனால இ, எம், ஐ மூணெழுத்தும் சேர்ந்து ஒரு காலத்தோட பேராயிடுச்சு. 2003ல வீட்டுக் கடனுக்கு 'இஎம்ஐ2006'னு ஆசையா வச்ச பேர், புது வடிவத்துக்கு மாத்தினா ஒரு செல்லோட முகவரியாயிடும், எக்செல் முன்னாடி ஒரு அடிக்கோடு போட்டு பேரை மாத்தி வைக்கும். பழைய வீட்டுக் கணக்கு ஃபைல் வச்சிருக்கறவங்க திறந்து பாருங்க.

பேரை எடிட் பண்ற இடத்துல கமென்ட்னு ஒரு பெட்டி இருக்கும், 255 எழுத்து வரை எழுதலாம். யாரும் தொடறதில்லை. நான் அதுல பொதுக்குழு தேதி, தீர்மான எண், பழைய வீதம், புது வீதம் எழுதி வச்சேன். காகா அதைப் பார்த்துட்டு பைண்டர் புக்கை எடுத்து வந்து, தண்ணி வரி, லிஃப்ட், பார்க்கிங், சிங்க்கிங் ஃபண்டுன்னு எல்லாப் பேருக்கும் கமென்ட் எழுத உக்காந்துட்டார். எல்லாம் மராத்தியில. என் பொண்ணை பக்கத்துல உக்கார வச்சுத்தான் படிக்கறேன்.