பகலில் பார்த்த மலை

பையும் பிள்ளையும் – 5

முதல் நான்கு பகுதிகளும் சென்னைக்குள்ளேயே முடிந்துவிட்டன. ஒரு செவ்வாய்க்கிழமை வண்டலூருக்குப் போய், பூட்டிய கேட்டின் முன்னால் நின்று புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோமே, அன்றைக்கு ஃபிரிட்ஜ் கதவில் பெரியவள் ஒரு சீட்டு ஒட்டினாள்: ‘வண்டலூர் செவ்வாய் லீவு. எழும்பூர் மியூசியம் வெள்ளி லீவு. அப்பா சொல்வதை நம்ப வேண்டாம்.’ எங்கள் வீட்டுச் சுற்றுலாத் துறையின் முதல் அரசாணை அது.

இரண்டாவது விதி என்னுடையது. ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், ஒரு சின்ன இடம், ஒரு சும்மா இடம். பெரிய இடம் பெரியவர்களுக்கு, சின்ன இடம் பிள்ளைகளுக்கு. சும்மா இடத்தில் எதையும் பார்க்கத் தேவையில்லை, உட்கார்ந்தால் போதும். நாலு இடம் என்று திட்டம் போட்டால் மூன்றாவது இடத்தில் ஐந்து வயதுச் சின்னவன் தரையில் புரளுவான் என்பதை மெரினாவிலேயே கற்றுக்கொண்டோம்.

காலாண்டு லீவுக்குத் திருவண்ணாமலை என்று சொன்னதும் அத்தை காலண்டரை எடுத்துவிட்டார். என் மாமியார் கணக்கில் திருவண்ணாமலை என்றால் பௌர்ணமி, பௌர்ணமி என்றால் மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர் நடை. பதினொரு முறை சுற்றியிருக்கிறார்.

“பௌர்ணமி வேண்டாம் அத்தை. லட்சக்கணக்கில் ஜனம். இவன் கையை விட்டால் யாரைத் தேடுவது?”

“அப்போ எப்படிச் சுத்தறது?”

“ஆட்டோவில்.”

“ஆட்டோல சுத்தறது கிரிவலமாடி? ஊர்வலம்!”

ஒரு நாள் பேசாமல் இருந்தார். மறுநாள் தானாகவே முறுக்கு சுட்டார். சம்மதம் என்று அர்த்தம்.

பௌர்ணமிக்கு ஒரு வாரம் தள்ளி, செவ்வாய், புதன் இரண்டு நாள் என்று முடிவானது. கடற்கரை நிலையத்திலிருந்து மாலையில் ரயில் இருக்கிறது. டிக்கெட் மலிவு, ஆனால் போய்ச் சேரும்போது நள்ளிரவு. தூங்கும் பிள்ளையைத் தோளிலும் பையைக் கையிலும் தூக்கிக்கொண்டு ஆட்டோ பேரம் பேசுவது என்னால் ஆகாது. அதனால் கிளாம்பாக்கத்தில் காலை பஸ். திண்டிவனத்தில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பி, செஞ்சி வழியாக, சென்னையிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர்.

செஞ்சியில் பாறைக் குன்றுகள் ஜன்னலுக்கு வந்ததும் பெரியவள் எழுந்து நின்றுவிட்டாள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர் கோட்டைகளின் வரிசையில் இந்தக் கோட்டையையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். “இறங்கலாமா?” என்றாள். செஞ்சியே ஒரு முழுப் பெரிய இடம்; ஒரே நாளில் இரண்டு பெரிய இடம் கூடாது. விதி விதிதான். அடுத்த லீவுக்கு எழுதி வைத்துக்கொண்டோம்.

செஞ்சியைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மலை தெரிய ஆரம்பித்தது. அத்தை இருந்த இடத்திலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

‘ஃபேமிலி ரூம்’ என்று போனில் சொன்ன விடுதியில் இரண்டு கட்டில்தான் இருந்தது. நாங்கள் ஐந்து பேர். கேட்டதற்கு ஒரு பாயைக் கொண்டுவந்து போட்டார்கள். அந்தப் பாய்க்குத்தான் பிள்ளைகளுக்குள் போட்டி வந்தது. விடுதிக்காரரை மன்னித்துவிட்டேன்.

அண்ணாமலையார் கோயில் நடுப்பகலில் நடை சாத்திவிடும். அது பிள்ளைகளோடு வருகிறவர்களுக்குக் கிடைத்த வரம். வெயிலில் கல் தரை தோசைக்கல். சாப்பிட்டு, தூங்கி, நாலு மணிக்குமேல் போனோம்.

ராஜகோபுரம் பதினொரு நிலை, 217 அடி. கிருஷ்ணதேவராயர் தொடங்க, தஞ்சையை ஆண்ட செவ்வப்ப நாயக்கர் முடித்தது. எனக்கு அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. சின்னவனோ கோபுரத்தைப் பார்க்கவில்லை, “யானை எங்கே?” என்றான். ருக்கு என்ற யானை இருந்தது, 2018இல் இறந்துவிட்டது என்று என் கணவர் சொன்னார். அவன் முகம் விழுந்துவிட்டது. பார்க்காத யானைக்காக ஒரு பிள்ளை இவ்வளவு வருத்தப்படுமா!

அவனைக் கிளி கோபுரம்தான் மீட்டது. அருணகிரிநாதர் கிளி உருவில் வந்து உட்கார்ந்த கோபுரம் என்ற கதையை அத்தை சொல்ல, ஐந்து நிமிடம் அண்ணாந்தபடி கிளி தேடினான். கடைசியில் பறந்துபோன ஒரு புறாவைக் கிளி என்று முடிவு செய்துகொண்டான். நாங்களும் ஒத்துக்கொண்டோம்.

பெரியவளைப் பிடித்தது வல்லாள மகாராஜா கதை. 14ஆம் நூற்றாண்டில் இந்த ஊரைத் தலைநகராக வைத்திருந்த ஹொய்சள மன்னர், மூன்றாம் வல்லாளர். பிள்ளை இல்லாத அவருக்கு அண்ணாமலையாரே மகனாக வந்தார் என்பது கோயில் சொல்லும் கதை. கதையோடு நிற்கவில்லை, இன்றைக்கும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்குச் சுவாமி எழுந்தருளி, ராஜாவுக்குத் திதி கொடுக்கிறார்.

“சாமியே லீவு போட்டுட்டு அப்பாவுக்குத் திதி குடுக்கப் போறாரா?” என்றாள்.

“பின்னே? உங்கப்பனும் குடுப்பான்” என்றார் அத்தை, என் கணவரை ஒரு பார்வை பார்த்தபடி.

அன்றைய சின்ன இடம் சிவகங்கைத் தீர்த்தத்தின் ஓரம். சும்மா இடம், ஆயிரங்கால் மண்டபத்துக்கு வெளியே ஒரு திண்ணை. இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். சும்மா இருப்பதையே பெரிய உபதேசமாகச் சொன்ன ஊரில் என் விதிக்குப் புது மரியாதை வந்தமாதிரி இருந்தது.

மறுநாள் காலை இட்லியும் பொங்கலும் முடித்து ஏழரைக்கு ரமணாசிரமம். உள்ளே நுழைந்ததும் மயில். மதில்மேல், கூரைமேல், நடைபாதையில் என்று எங்கும் மயில். குரங்கும் உண்டு என்பது முறுக்குப் பை என் கையிலிருந்து போனபிறகுதான் தெரிந்தது. ஒரு தாய்க்குரங்கு, குட்டியை வயிற்றில் மாட்டிக்கொண்டே, பையைப் பிரித்து, உடைந்த முறுக்கை ஒதுக்கிவிட்டு முழு முறுக்கை எடுத்தது. “நம்ம அம்மா மாதிரியே பொறுக்குது” என்று இவர் சொன்னதை அத்தை கேட்டிருக்கக்கூடாது. கேட்டுவிட்டார்.

சின்னவன் அதிக நேரம் நின்றது பசு லட்சுமியின் சமாதியில். 1926இல் கன்றாக வந்து, 1948 ஜூன் 18 வரை ரமணரோடு இருந்த பசு. பக்கத்திலேயே வள்ளி என்ற மானுக்கும், ஒரு காக்கைக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி இருக்கிறது.

“காக்காவுக்கா?” என்றான்.

“ஆமாம்.”

“அப்போ அந்த யானைக்கு?”

நேற்றைய ருக்கு இன்னும் அவனை விட்டுப் போகவில்லை. வள்ளியின் சமாதிக்கும் லட்சுமியின் சமாதிக்கும் நடுவில், யாரும் சொல்லாமலே கையைக் கூப்பி நின்றான். ருக்குவுக்காகத்தான் இருக்கவேண்டும்.

ஆசிரமத்தின் பின்னால் ஸ்கந்தாசிரமத்துக்குப் பாதை ஏறுகிறது. கல் பாவிய பாதை, செங்குத்தாக இல்லை, ஐந்து வயதுக்குத் தாங்கும். ஆனால் நடக்கவைக்கக் கதை வேண்டும். எனக்குக் கைகொடுத்தது, மதுரையிலிருந்து ஓடிவந்த பதினாறு வயதுப் பையனின் கதை.

அண்ணன், ஐந்து ரூபாயை எடுத்துப்போய்த் தன் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டச் சொன்னார். தம்பி மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாயையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டு ரயில் நிலையத்துக்குப் போய்விட்டான். 1896 ஆகஸ்ட் 29. கையிலிருந்தது பழைய அட்லஸ். அதில் திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று இருந்தது. இரண்டு ரூபாய் பதின்மூன்று அணாவுக்கு அங்கே டிக்கெட் எடுத்தான். ரயிலில் உட்கார்ந்திருந்த ஒரு மௌல்வி, விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே இப்போது ரயில் போகிறது என்று சொன்னபிறகுதான் விஷயம் தெரிந்தது.

“மேப்பை அப்டேட் பண்ணல, அதான்” என்றாள் பெரியவள்.

மிச்சக் காசு மாம்பழப்பட்டுவரைக்குத்தான் வந்தது. அங்கிருந்து நடை. கீழூரில் ஒரு வீட்டில் சோறு போட்டார்கள். கோகுலாஷ்டமி சமயம். தங்கக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்தான். கிளம்பும்போது அந்த வீட்டம்மா ஒரு பொட்டலம் பட்சணம் கொடுத்தார். செப்டம்பர் 1 காலை இந்த ஊருக்கு வந்து, கோயிலுக்குப் போய்விட்டு, அந்தப் பொட்டலத்தை அய்யங்குளத்தில் எறிந்துவிட்டான்.

சின்னவன் பாதை நடுவே நின்றுவிட்டான். “ஸ்வீட்டைக் குளத்துலயா?”

“ஆமாம்.”

“தின்னாமலா?”

“தின்னாமல்.”

வேங்கடராமன் என்ற அந்தப் பையன் ரமண மகரிஷி ஆனதில் அவனுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. பொட்டலம்தான் பிடிபடவில்லை. அதைப் பேசிக்கொண்டே மேலே வந்துவிட்டான், நடந்ததே தெரியவில்லை.

ஸ்கந்தாசிரமத்தில் 1916 முதல் 1922 வரை ரமணர் இருந்தார். அவருடைய தாயார் அழகம்மாளும் இங்கேதான் கடைசிக்காலத்தைக் கழித்தார். கொஞ்சம் தள்ளி ஒரு பாறை இருக்கிறது. அங்கே நின்றால் கோயில் மொத்தமும் காலடியில். நேற்றுக் கழுத்தை ஒடித்த ராஜகோபுரம் கடைசி ஓரத்தில், நகம் உயரத்துக்கு நிற்கிறது. முன்னால் மேற்குப் பேய்க் கோபுரம், இடப்பக்கம் அம்மணி அம்மாள் கோபுரம், வலப்பக்கம் திருமஞ்சனக் கோபுரம். ஒரு பெண், ஊர் ஊராகக் காசு திரட்டிக் கட்டிமுடித்த கோபுரம் அந்த இடப்பக்கத்தது என்று சொன்னதும், பெரியவள் தன் நோட்டில் மற்ற மூன்றையும்விட அதைப் பெரிதாக வரைந்தாள். மொத்தம் ஒன்பது கோபுரம். உள்கோபுரங்களைக் கண்டுபிடித்து எண்ண அரை மணி ஆனது. அந்த அரை மணியில் யாரும் போனைக் கேட்கவில்லை.

பத்துமணிக்குள் இறங்கிவிடுங்கள். அதற்குமேல் பாறை சுடும். தண்ணீர் ஆளுக்கு ஒரு பாட்டில். தின்பண்டத்தை ஜிப் போட்ட பையில், அதுவும் முதுகில்.

மதியத் தூக்கம் முடிந்து மூன்றரைக்கு ‘ஊர்வலம்’. ஆட்டோக்காரரிடம் கிளம்பும் முன்பே ரேட்டையும், எத்தனை இடத்தில் நிறுத்துவார் என்பதையும் பேசிக்கொள்வது நல்லது. கிரிவலப் பாதையின் எட்டு லிங்கத்துக்கும் இறங்கி ஏறினால் பிள்ளைகள் தாங்காது. இந்திர லிங்கம், அக்னி லிங்கம், குபேர லிங்கம் மூன்றும் அத்தைக்கு. இடுக்குப் பிள்ளையார் பிள்ளைகளுக்கு. மற்ற லிங்கங்களுக்கு வண்டியிலிருந்தே கும்பிடு. வழியில் அவித்த வேர்க்கடலை வாங்கினோம். கடலை விளையும் மாவட்டம். ஓடு இன்னும் ஈரமாக, உப்புத்தண்ணீர் விரலில் வழிந்தது.

இடுக்குப் பிள்ளையார் கோயில் சின்ன மண்டபம். பின்பக்கம் ஒரு பொந்து. படுத்து, ஒருக்களித்து, உடம்பை வளைத்து வளைத்து ஊர்ந்தால் முன்பக்கம் வெளியே வரலாம். இடைக்காட்டுச் சித்தர் அமைத்தது, நுழைந்து வந்தால் நோய் தீரும் என்பது ஊர் நம்பிக்கை. சின்னவன் மீன் மாதிரி வந்துவிட்டான். மறுபடி ஓடிப்போய்ப் பின்னால் நின்றான். மூன்று முறை. பெரியவள் வந்தாள், நான் வந்தேன். இவர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “செருப்பை யாராவது பாத்துக்கணும்ல” என்றார்.

அத்தை புடவையை இடுப்பில் செருகிக்கொண்டார். இத்தனை முறை சுற்றியும் உள்ளே நுழைந்ததில்லையாம். பௌர்ணமி இரவில் வரிசை நீளம், நிற்க முடியாது. இப்போது முன்னால் இரண்டே பேர். நடுவில் ஒரு வளைவில் சத்தம் நின்றுவிட்டது. சின்னவன் முன்பொந்துக்குள் தலையை விட்டு, “ஆயா, வலது கையை முன்னாடி போடு! தோளைத் திருப்பு!” என்று வழி சொன்னான். முதலில் வளையல் கை வந்தது. அப்புறம் விபூதி அழிந்த நெற்றி. வெளியே வந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஆட்டோக்காரர் தானாகவே வண்டியை நிறுத்தினார். “அம்மா, பஞ்சமுக தரிசனம். இங்கேருந்து மலை அஞ்சு முகமாத் தெரியும்.”

சாயங்கால வெயில் மலையின் மேற்குச் சரிவில் விழுந்து, ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாக நின்றது. பிள்ளைகள் விரல் நீட்டி எண்ண ஆரம்பித்தார்கள். பெரியவளுக்கு ஐந்து வந்தது. சின்னவனுக்கு ஆறு.

அத்தை எண்ணவில்லை. இரண்டடி முன்னால் போய் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன அத்தை?”

“இந்த இடத்தைப் பதினோரு தடவை தாண்டியிருக்கேன். ஒரு தடவைகூட மலையப் பாத்ததில்ல.”

“ஏன்?”

“ராத்திரிடி. முன்னால போறவங்க முதுகு, கீழ ரோடு. நிலா வெளிச்சத்துல மலை கருப்பா இருக்கும், அவ்வளவுதான். அது பச்சையா, பாறையா, இத்தனை மடிப்பா இருக்கும்னு எனக்கெப்படித் தெரியும்?”

ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டார். அன்றைய சும்மா இடம் எது என்று நான் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை, அதுவாகவே வந்துவிட்டது. சாலையோரத்தில் மிச்சக் கடலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அத்தை கடலையை உரித்துச் சின்னவன் கையில் போட்டபடி, அவன் விரல் போன பக்கமெல்லாம் பார்த்து, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

“ஆயா, மூணைத் தப்பா எண்ணிட்ட. திரும்ப.”

திரும்ப எண்ணினார்.

(அடுத்த பகுதியில்: சாத்தனூர் அணையில் முதலைகளும், மீன் வறுவலும், மழையும்.)