மேடையின் ஓரத்தில் ஒரு பேஸ் கிட்டார்

கல்யாண விருந்தில் பாட்டுக்கச்சேரி கேட்டுவிட்டு வருகிறவர்களிடம் பாடகர் எப்படி என்று கேட்டால் விரிவாகச் சொல்வார்கள். கீபோர்டு, தபேலா, டிரம்ஸ் பற்றியும் ஓரிரு வார்த்தை வரும். பேஸ் கிட்டார் வாசித்தவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. அவர் டிரம்ஸுக்குப் பக்கத்தில், வெளிச்சம் குறைந்த ஓரத்தில் நின்றிருப்பார். ஆனால் பாட்டின் நடுவே அவர் கையை எடுத்துவிட்டால், ஆடிக்கொண்டிருக்கும் கால்களுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் இசைக்குழுக்களில் இந்த வாத்தியத்தை வாசித்துச் சம்பாதிக்கிறவர்கள் எதை வாங்குகிறார்கள், எதை ஒதுக்குகிறார்கள், ஏன் என்று அறிய பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அவர்களோடு இருந்து பார்த்தேன். கடையில் இனிமையாகக் கேட்கும் கருவி வேறு, மண்டபத்தில் கைவிடாத கருவி வேறு என்பதை அவர்கள் வேலையே எனக்குக் காட்டியது.

அந்த வேலை லேசானதல்ல. ஒரே ராத்திரியில் பல காலத்துப் பாட்டு வரும். 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜா, பேஸ் கிட்டாரைத் தாளத்துக்குத் துணையாக மட்டும் வைத்திருக்கவில்லை. பாடகரின் மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டு தன்போக்கில் நடந்துகொண்டிருக்கும். அவருடைய குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். 1992இல் ‘ரோஜா’வோடு ஏ.ஆர். ரகுமான் வந்தார். சிந்தசைசரின் ஆழ்ந்த ஒலி ஒரு பக்கம், கீத் பீட்டர்ஸின் பேஸ் மறு பக்கம் என்று பாட்டின் அடிப்பகுதியே மாறியது. இவற்றோடு மலேசியாவுக்கே உரிய வேலையும் உண்டு. மலாய் நண்பர்கள் எழுந்தால் ஜோகெட் வாசிக்க வேண்டும். பஞ்சாபி நண்பர்கள் வந்திருந்தால் பாங்ரா. பினாங்கின் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களின் அலிகேட்ஸ் குழு மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் புகழ்பெற்ற மரபு இது. இங்குள்ள இசைக்காரர்களுக்கு மொழி மாறி வாசிப்பது புதிதல்ல.

பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையின் பூக்கடைகளையும் புடவைக் கடைகளையும் கடந்து, பழைய அடுக்குவீடு ஒன்றின் மாடியில் கிட்டார் பழுதுபார்க்கும் அங்கிள் ஒருவர் வேலை செய்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. இசைக்குழுக்காரர்கள் ஒருவர் சொல்லி ஒருவர் வருகிறார்கள். சுவரில் கழுத்து மட்டும் உள்ள கிட்டார், உடல் மட்டும் உள்ள கிட்டார், மேசையில் ஈயப்பற்றுக் கம்பி, சின்னச் சின்ன அறுகோணச் சாவிகள்.

நான் போனபோது ஒரு ஐந்து தந்தி பேஸ் மேசைமேல் இருந்தது. தந்தி மிக உயரமாக நிற்கிறது, அழுத்தினால் விரல் வலிக்கிறது என்பது அதன் சொந்தக்காரரின் புகார். அங்கிள் ஒரு தந்தியை முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலாலும் கடைசி ஃப்ரெட்டில் இன்னொரு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இரண்டு முனையிலும் அழுத்திய தந்தி நேர்க்கோடாகிவிடும். கழுத்து எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது நடுவில் தெரிந்துவிடும். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் தந்திக்கு அடியில் ஒரு பெயர் அட்டையை நுழைக்கச் சொன்னார். அட்டை தொடாமலே உள்ளே போய் வந்தது.

“அட்டை லேசா உரசணும் தம்பி. இது வாசல் மாதிரி திறந்து கிடக்கு” என்றார். “நாலு ஸ்ட்ரிங் பேஸ்லயே எழுபது கிலோவுக்கு மேல இழுவை. இது அஞ்சு. அதுக்கு மேல நம்ம ஊர் ஈரம். மரம் என்னதான் பண்ணும்?”

கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டு டிரஸ் ராட். அதை வலப்பக்கம் முறுக்கினால் கழுத்து பின்னுக்கு நிமிரும். அங்கிள் சாவியைப் போட்டுக் கால் சுற்று மட்டும் திருப்பினார். பிறகு கையை எடுத்துவிட்டு வேறு கிட்டாரின் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். மரம் தன் இடத்துக்கு வர நேரம் வேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாக முறுக்கினால் தண்டின் மரை போய்விடும், அப்புறம் கழுத்தையே மாற்ற வேண்டியதுதான். வெயிலில் நின்ற காரின் பின்பெட்டியிலிருந்து நேராகக் குளிர்சாதன மண்டபத்துக்குள் கொண்டுபோகும் கிட்டாரை உறையிலிருந்து எடுத்து மேடையில் சும்மா வைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துச் சுருதி சேர்க்கச் சொல்கிறார். வந்த வேகத்தில் சேர்த்த சுருதி முதல் பாட்டு முடிவதற்குள் விலகிவிடும்.

எத்தனை தந்தி என்பதுதான் வாங்கும்போது வரும் முதல் கேள்வி. லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸுக்கு நான்கு தந்தி, 34 அங்குல நீளம். 1960இல் வந்த ஜாஸ் பேஸும் அப்படித்தான். இன்றைக்கும் உலகத்தில் பெரும்பாலான பேஸ் கிட்டார்களின் அளவு அதுவே. மிகத் தாழ்ந்த ஈ தந்தி வினாடிக்கு 41 அதிர்வு. ஐந்தாவது தந்தி சேர்த்தால் பி வரைக்கும், 31 அதிர்வுக்குப் பக்கம், கீழே போகலாம்.

கல்யாண மேடையில் இதன் அவசியம் பாடகரின் குரலிலிருந்து வருகிறது. படத்தில் ஈ சுருதியில் அமைந்த பாட்டை நம்ம பாடகர் தன் குரலுக்கு ஏற்ப டீக்கு இறக்கச் சொல்வார். நான்கு தந்திக்காரருக்கு அந்தத் தாழ்ந்த டீ கிடையாது. ஒரு ஸ்தாயி மேலே தாவி வாசிக்க வேண்டும். கீழே இறங்கி அமர வேண்டிய வரி திடீரென்று மேலே எழும்பும்போது பாட்டின் அமைதி கெட்டுவிடும். சிந்தசைசர் பேஸ் உள்ள புதிய பாட்டுகளிலும் இதே சிக்கல். ஆனால் விலை குறைந்த ஐந்து தந்திகளில் அந்த பி தந்தி தளர்ந்து ஆடும், சுரம் தெளியாது. எனவே கடைக்குப் போனால் முதலில் அந்த ஒரு தந்தியை மட்டும் வாசித்துப் பார்க்க வேண்டும். அது தெளிவாக இல்லை என்றால் அதே பணத்துக்கு நல்ல நான்கு தந்தி வாங்குவதே மேல்.

அடுத்தது ஆக்டிவா, பேசிவா என்பது. 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே, கிட்டாருக்குள்ளேயே பேட்டரியில் ஓடும் சிறு பெருக்கியைக் கொண்டிருந்தது. அந்த வகைதான் ஆக்டிவ், பேட்டரி இல்லாதது பேசிவ். இன்று ஆக்டிவ் வகை எங்கும் கிடைக்கிறது. மேடையில் நின்றபடியே தாழ்வொலியையும் உச்ச ஒலியையும் கூட்டிக் குறைக்கலாம் என்பது அதன் வசதி. அதன் ஆபத்து அந்த 9 வோல்ட் பேட்டரி. பெரும்பாலான ஆக்டிவ் கிட்டார்களில் கேபிளைச் செருகினாலே பேட்டரி ஓட ஆரம்பித்துவிடும். வாசித்து முடித்துக் கேபிளைக் கழற்றாமல் வைத்தால் பேட்டரி வீணாகத் தீர்ந்துகொண்டே இருக்கும். தீரும்போது முதலில் ஒலி கரகரக்கும், பிறகு நின்றேவிடும். ஆகவே பேட்டரி இல்லாமலும் ஓடும்படி சுவிட்ச் உள்ளதைத்தான் அங்கிள் சிபாரிசு செய்கிறார்.

கிள்ளானுக்கு நான் போனது பேஸ் வாசிக்கும் ஓர் அண்ணனோடு. பகலில் துறைமுகப் பக்கம் வேலை, வாரக் கடைசியில் கச்சேரி. கூட்டரசு நெடுஞ்சாலையின் நெரிசலில் அவருடைய சின்னக் காருக்குள் நாங்கள் இருவர், ஒரு கிட்டார், ஒரு பெட்டி, ஒரு தோள்பை. அவ்வளவுதான் சாமான்.

1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடி என்னும் 300 வாட் வால்வு ஆம்ப் பேஸ் உலகத்தில் பெரிய பெயர். பெரிய அரங்குகளுக்காகச் செய்யப்பட்ட அதன் தலைப்பகுதியும் எட்டு ஸ்பீக்கர் பெட்டியும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 100 கிலோ. அண்ணன் இளவயதில் அந்த மாதிரிப் பெட்டிகளைத் தூக்கியவர். இப்போது அவரிடம் இருப்பது கிளாஸ் டி என்னும் எடை குறைந்த வகை ஆம்ப். தோள்பைக்குள் அடங்கிவிடும், ஆனால் 500 வாட். நியோடிமியம் காந்தம் போட்ட ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்குகிறார். “முதுகு போச்சுன்னா கச்சேரியே போச்சு தம்பி. எடையும் சவுண்டோட ஒரு பகுதிதான்” என்றார். நாற்பது வயதுக்கு மேலும் வாசிக்க நினைக்கிறவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அன்றைய கிள்ளான் மண்டபம் நீளமானது. டைல்ஸ் தரை, சுவரெல்லாம் கண்ணாடி, மேடை உள்ளீடற்ற பலகை. பேஸுக்கு இதைவிடக் கஷ்டமான இடம் அமையாது. 41 அதிர்வுள்ள ஒலியின் ஓர் அலைக்கு எட்டு மீட்டருக்கு மேல் நீளம் உண்டு. அது சுவரில் மோதித் திரும்பி வரும்போது மண்டபத்தின் ஓரிடத்தில் பெருகும், இன்னோரிடத்தில் காணாமலே போகும். மூலையில் வைத்த பெட்டி தாழ்வொலியை மேலும் ஊதிவிடும். அண்ணன் முதலில் தன் பெட்டியை மூலையிலிருந்து நகர்த்தினார், பலகை அதிராதபடி அடியில் தடித்த நுரைப்பாய் போட்டார். பிறகு நீளமான கேபிளை மாட்டிக்கொண்டு வாசித்தபடியே மணமக்கள் மேசை வரைக்கும் நடந்தார். மேடையில் இனிமையாக இருந்தது அங்கே வெறும் உறுமலாகக் கேட்டது. திரும்பி வந்து தாழ்வைக் குறைத்தார், நடுத்தர ஒலியைக் கொஞ்சம் ஏற்றினார். தனியாகக் கேட்டபோது மெலிந்துபோன மாதிரி தோன்றியது. குழு முழுதும் வாசிக்கத் தொடங்கியதும் ஒவ்வொரு சுரமும் எழுந்து நின்றது. தபேலாவின் இடப்பக்கத்து ஆழ்ந்த முழக்கமான கும்கியும் அதே தாழ்ந்த பகுதியில்தான் ஒலிக்கும். அதற்கு வழிவிடத் தெரிந்த பேஸ்காரரைத்தான் தபேலாக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

அப்போதுதான் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கிளம்பியது. மின்சாரத்தின் 50 அதிர்வு. அண்ணனின் ஆம்ப் மேடைச் சுவரில் செருகியிருந்தது. மிக்ஸருக்கு மண்டபத்தின் மறுகோடியிலிருந்து மின்சாரம். இரண்டின் நிலத்தொடர்பும் ஒலிக் கேபிள் வழியாக வளையமாகிவிட்டால் இந்த இரைச்சல் வரும். உதவிக்கு வந்த இளைஞன் ஸ்குரூ டிரைவரை எடுத்தான். “அண்ணே, பிளக்கைத் திறந்து பச்சை மஞ்சள் வயரைக் கழற்றிடவா? சத்தம் நின்னுடும்.”

அண்ணன் அவன் கையைப் பிடித்தே நிறுத்தினார். “அது உயிரைக் காக்கிற வயர்டா. எதுக்கும் அதைத் தொடாதே.” பையிலிருந்து உள்ளங்கையளவு இரும்புப் பெட்டி ஒன்றை எடுத்துக் கிட்டாருக்கும் மிக்ஸருக்கும் நடுவே மாட்டினார். டி.ஐ. பாக்ஸ். கிட்டாரின் மெல்லிய மின்னொலியை நீண்ட கேபிளில் இரைச்சல் ஏறாமல் கொண்டுபோக உதவுவது. அதன் பக்கவாட்டில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்று ஒரு சின்ன சுவிட்ச். அது ஒலிக் கேபிளின் நிலத்தொடர்பை மட்டும் துண்டிக்கும், மின்சாரத்தின் பாதுகாப்பைத் தொடாது. தட்டினார், இரைச்சல் நின்றது. அவருடைய சாமான்களில் விலை குறைந்த கருவிகளில் ஒன்று அன்றைக்குக் கச்சேரியைக் காப்பாற்றியது. எர்த் வயரைக் கழற்றிய ஆம்பும், ஈரக் கையும், இரும்பு மைக்கும் சேர்ந்தால் மேடையிலேயே உயிர் போகலாம். கோயில் திருவிழாவில் ஜெனரேட்டரை நம்பி வாசிக்கிறவர்கள் இதை ஒருநாளும் மறக்கக்கூடாது.

புதிதாக வருகிறவர்களுக்கு அண்ணன் சொல்லும் வரிசை தெளிவானது. கையிருப்பில் பெரும்பகுதி கிட்டாருக்கு. பழையதானாலும் அதன் கழுத்து நேராக இருக்க வேண்டும். பிறகு அதைச் சரிசெய்யத் தெரிந்தவரின் கூலி. பிறகு இரண்டு நல்ல கேபிள், ஒரு ட்யூனர், அகலமான தோள்வார். பிறகு டி.ஐ. பாக்ஸ். ஆம்ப் கடைசியில்தான். பெரும்பாலான மண்டபங்களில் ஒலியமைப்பாளரின் பெட்டிகளே கூட்டத்துக்கு ஒலி தருகின்றன. நம் ஆம்ப் நாம் கேட்பதற்கு மட்டும். இளையவர்கள் சிலர் ஆம்பே இல்லாமல் காலடியில் ஒரு பிரீஆம்ப் பெடலும் காதுக்குள் ஒரு மானிட்டருமாக வருகிறார்கள். ஆம்ப் வைத்திருந்தால் ஸ்பீக்கர் கேபிளும் கிட்டார் கேபிளும் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடக்கூடாது. மெல்லிய கிட்டார் கேபிள் சூடேறி ஆம்பையே எரித்துவிடலாம். வாசித்து முடித்ததும் தந்திகளைத் துணியால் துடைக்க வேண்டும், ஏனென்றால் நம் வியர்வையில் ரவுண்ட்வவுண்ட் தந்தியின் பிரகாசம் சில வாரங்களில் மங்கிவிடும். பழைய பாட்டுகள் மட்டும் வாசிக்கிறவர்கள் பரப்பு வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் போட்டுக்கொள்ளலாம். அது வருஷக்கணக்கில் உழைக்கும்.

இத்தனை கவனத்தோடு தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும் இந்தத் தொழிலாளிக்கு இன்று பெரிய போட்டி இன்னொரு பேஸ்காரர் அல்ல. பதிவு செய்த பின்னணி இசையும், கீபோர்டுக்காரரின் இடது கையும்தான். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் வெட்டுப்படும் ஆள் இவர். பாடகர் ஒரு சரணத்தை மறுபடியும் பாட விரும்பினாலோ, ஆடுகிறவர்கள் இன்னும் கேட்கிறார்கள் என்று தெரிந்தாலோ பதிவு நின்று கவனிக்காது. பேஸ்காரர் கவனிப்பார். டிரம்ஸ்காரரின் கண்ணைப் பார்ப்பார், பாட்டை நீட்டுவார்.

1981இல் தொடங்கிய, பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற இடங்களில் நம் பிள்ளைகள் வீணையும் மிருதங்கமும் பரதமும் கற்கிறார்கள். கல்யாண மேடையின் இந்த வாத்தியத்துக்கும் அதே அக்கறை வேண்டும். வீட்டில் விசேஷம் வைத்து இசைக்குழுவைப் பேசுகிறவர்கள் ஆள் எண்ணிக்கையைக் குறைக்கும் முன் ஒருமுறை பேஸ் உள்ள குழுவை நேரில் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும். மண்டபத்துக்காரர்கள் மேடையில் எர்த் சரியாக உள்ள மின் சாக்கெட்டும், விருந்தினர் வருமுன் ஒரு மணி நேரமும் கொடுக்கட்டும். மீதியை அந்த ஓரத்தில் நிற்பவர் பார்த்துக்கொள்வார்.