முந்தி எழுந்த குற்றம்

நைனார்பாளையத்தில் என் தங்கை மகன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். சென்ற மாதம் நான் போயிருந்தபோது, காலையில் கடை திறந்ததும் ஒரு பெண் பரீட்சை ஹால் டிக்கெட் எடுக்க வந்தாள். பிரிண்டர் மௌனம் சாதித்தது. சின்னசேலம் பஸ் வரும் நேரம். பெண்ணுக்கு அழுகை முட்டிவிட்டது.

"தினம் இதே ரகளைதான், மாமா!" என்று பையன் ஏதோ கட்டளை தட்டினான். உடனே காகிதம் வந்தது, பெண் ஓடினாள்.

"தானாக ஏன் எழவில்லை?" என்றேன். லினக்ஸ் எழுதிவைத்த குறிப்பைப் பார்த்தோம். அச்சு வேலையைக் கவனிப்பது 'கப்ஸ்' என்ற சேவை, 1999-இல் வெளிவந்தது. பக்கத்துக் கணினிக்கும் உதவட்டும் என்று பையன் அதற்கு ஒரு நெட்வொர்க் முகவரி எழுதியிருந்தான். கணினி விழித்ததும் கப்ஸ் அந்த முகவரியைத் தேடுகிறது. நெட்வொர்க்கோ இன்னும் எழவில்லை! கப்ஸ் படுத்துவிடுகிறது. பிறகு கையால் எழுப்பினால், முகவரி தயாராயிருக்கிறது.

"நெட்வொர்க் வந்தபின் எழு" என்று 'சிஸ்டம்டி'யில் இரண்டு வரி சேர்த்தான். மறுநாள் தொல்லையில்லை.

எனக்குத்தான் மனம் உறுத்தியது. நாலு வயதிலேயே அவனைப் பள்ளியில் சேர்க்கச் சொன்னவன் நான். அவன் தவறியபோது, "சோம்பேறி" என்று திட்டியவனும் நான்தான்.