பங்குனிக் கள்ளும் கொட்டியாரத்து நண்டும்

பாரிஸில் சிப்பிக்கு எந்த வைன் என்று கேட்டால் ஒருவரும் யோசிப்பதில்லை. மஸ்கடே. நான் வேலை செய்யும் உணவகத்திலும் அதுதான். லுவார் ஆறு அத்திலாந்திக்கில் விழுகிற நாந்த் பக்கத்துத் திராட்சையில் வடிப்பது. சிப்பியும் அந்தக் கரைகளில் விளைவதுதான். ஒரு மண்ணில் விளைந்ததை அதே மண்ணில் விளைந்ததோடு சேர் என்கிறார்கள். சரியான பேச்சு. ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நாக்கில் ஊறுவது வேறு.

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கிற அந்தச் சேற்றில் நண்டும் இறாலும் கொழுக்கும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அவை மிதவைப் பாதையில் ஏறித்தான் எங்கள் திருகோணமலைச் சந்தைக்கு வரும். கிண்ணியா ஆட்கள் கள்ளைத் தொடமாட்டார்கள். ஆனால் கள்ளுக்குத் தோதான நண்டை அவர்களைப்போல் தெரிந்தெடுக்க வேறு ஆளில்லை.

கார்த்திகை, மார்கழியில் வாடை அடித்தால் கடல் கொந்தளிக்கும். கரைவலை போட முடியாது. அதே மழைதான் பனையில் கட்டிய முட்டிக்குள்ளும் இறங்கிக் கள்ளைத் தண்ணீராக்கும். மாசி, பங்குனியில் வானம் வெளித்தால் இரண்டும் ஒன்றாகத் திரும்பும். உப்புவெளி, நிலாவெளிக் கரையில் சூடையும் கீரியும், உள்ளே வடலிக்காணிகளில் பனங்கள்ளும். எதை எதோடு சேர்ப்பது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. காலம் சேர்த்து வைத்தது.

வைன் ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடக்கும். கள்ளுக்கு மணிக்கணக்குத்தான். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் கருப்பணி, இனிப்பு மாறாது. பூசாவிட்டால் பாளையிலிருந்து சொட்டும்போதே காற்றில் உள்ள ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு முந்தி நிற்கும், மத்தியானம் புளிப்பு, அடுத்த நாள் காடி. "உச்சிக்கு முந்தி வா தம்பி" என்பார் தவறணை மாமா. பிளாவில் வார்த்த அந்தப் பத்துமணிக் கள்ளுக்குப் பொரித்த சூடை. புளிப்பு ஏறியதற்கு, தேங்காய்ப்பாலும் முருங்கையிலையும் போட்ட உறைப்பான நண்டுக்கறி. அந்த உறைப்புக்கு முன்னால் மஸ்கடே வெறும் தண்ணீர். கள்ளின் புளிப்பும் நுரையும்தான் நாக்கைக் கழுவி அடுத்த வாய்க்கு ஆயத்தமாக்கும்.

அம்மா கள்ளுக் குடிக்கிறவர்களைத் திட்டாத நாளில்லை. அப்பமாவுக்கு மட்டும் ஒரு சிரட்டை கள்ளு வந்தாக வேண்டும். அது வேறு கணக்கு.

போர்க்காலத்தில் கடலுக்கு இறங்கவே பாஸ் கேட்டார்கள். நண்டு அருமையாகிப் போனது. பனை யாரையும் கேட்காமல் சுரந்தது. கள்ளும் உப்பு மாங்காயும் என்றே சில பருவங்கள் ஓடின.

இங்கே பாரிஸின் லா சப்பல் கடைகளில் இப்போது போத்தல் கள்ளு கிடைக்கிறது. காய்ச்சி, ஈஸ்டைக் கொன்று அடைத்தது. புளிப்பு இருக்கிறது. அது காலையா மத்தியானமா என்று சொல்லத் தெரியாத புளிப்பு. நண்டு பிரித்தானிக் கரையிலிருந்து வருகிறது, நல்ல சதை. அதற்கு மஸ்கடேயே போதும்.

ஊருக்குப் போவதென்றால் பங்குனியில் போகவேண்டும். எங்கள் உணவகம் மூடுவதோ ஆகஸ்டில். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். அந்நேரம் பனை ஓய்ந்துவிடும், தென்னங்கள்ளுத்தான் மிஞ்சும். அது கொஞ்சம் மெலிசு. கறியில் மிளகாய்த்தூளைக் குறைக்கச் சொல்லவேண்டும்.